ஆசாரியண்ணன் இல்லாத பட்டறை

மும்பையை ஒட்டிய வாஷியின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இப்போது ஒரே குரல்தான்: சுவரைத் துளைக்கிற ஹேமர் டிரில். சொசைட்டி நோட்டீஸ் பலகையில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்று ஒட்டியிருந்தாலும், எந்த மாடியில் யார் வீட்டில் என்று கண்டுபிடிக்க முடியாதபடி அந்தச் சத்தம் தூணில் இறங்கி உத்தரத்தில் ஏறி, நாலாவது மாடியில் காபி ஆற்றுகிறவரின் டம்ளர் வரைக்கும் வந்து நடுங்கிவிட்டுப் போகும். அது ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அந்த வீட்டுச் சுவரில் டிவி தொங்கிக்கொண்டிருக்கும். எண்பதுகளில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் இருந்துவிட்டுக் கழிமுகப் பாலம் தாண்டி இங்கே வந்த எங்களுக்கெல்லாம் ஞாயிறு வேறு மாதிரி விடிந்தது. யாராவது ஒருவர் வீட்டு வாசலில் இழைப்புளி ஓடும். பலகை நீளத்துக்கு ஒரு இழுப்பு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு இழுப்பு. எங்கள் தளத்துப் பெரியவர்கள் சத்தத்தைக் கேட்டே அது தேக்கா, மாமரமா, பழைய பெட்டிப் பலகையா என்று சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் ஓடிப்போய் இழைப்புச் சுருள்களைப் பொறுக்கிக் காதில் கம்மலாகத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். மிச்சத்தைப் பாட்டிமார் வெந்நீர் பாய்லருக்கு வாரிக்கொண்டு போவார்கள்.

அன்றைய வாஷியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். பாலம் 1973-ல் வந்துவிட்டது. ரயில் வந்தது 1992 மே மாதத்தில். நடுவில் கிடந்த அந்த இருபது வருஷமும் இங்கே பஸ்தான், அதன் ஜன்னலில் அடிக்கிற உப்புக் காற்றுதான். நகர நிர்மாண நிறுவனமான சிட்கோ கட்டிக்கொடுத்த வீடுகளில் நாலு சுவர் இருந்தது, கூரை இருந்தது, காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருந்தன. ஒரு ஆணி, ஒரு அலமாரி, ஒரு சாமிப் பலகை கிடையாது. சம்பளத்தில் பாதி வீட்டுத் தவணைக்குப் போன பிறகு மரவேலைக்கு ஆள் வைக்க யாரால் முடியும்? ஆகவே வங்கிக் குமாஸ்தாவும், துறைமுகத்துக் கணக்கரும், பள்ளிக்கூட வாத்தியாரும் ஆளுக்கொரு கைவாள் வாங்கினார்கள். வாங்குவதற்கு மஸ்ஜித் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் அந்தச் சந்துக்குள் நுழைந்தால், எண்ணெய் மணமும் இரும்பு மணமும் கலந்த அந்தக் காற்றில் ஒரு உளியைக் கையிலெடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் இதைப் படிக்கும்போதே தங்கள் நகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வாளைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் யார் மேலும் படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வருவோம். வீடு வரைக்கும் வருகிற அந்த எச்சரிக்கையே முதல் பாடமாக இருந்தது.

சுவரில் ஓட்டை போடுவது ஒரு அரைநாள் விரதம். கைப்பிடி மாட்டிய நட்சத்திர முனைத் துளைப்பானைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, கால் திருப்பு, மறு தட்டு. காங்கிரீட்டில் கருங்கல் ஜல்லி குறுக்கே வந்துவிட்டால் அன்றைய ஓட்டை நாளைக்குத்தான். அம்மா கீழே செய்தித்தாளைக் கூம்பாக மடித்துத் தூசி ஏந்திக்கொண்டு நிற்பாள். ஓட்டையில் அடிக்க மரக்கட்டை சீவ வேண்டும். அது மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கி, ஒருநாள் படத்தோடு கழன்று வரும். ஆர்தர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் 1958-லேயே கண்டுபிடித்திருந்த சாம்பல் நிற நைலான் பிளக் எங்கள் கைக்கு வந்த நாளில் ஏற்பட்ட மகிழ்ச்சி பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தபோது கூட ஏற்படவில்லை. அந்தக் காலத்து விபத்துகளுக்கும் ஒரு அளவு இருந்தது. சுத்தியல் தவறிக் கட்டைவிரல் நகம் கறுக்கும். உளி சறுக்கித் தோல் கீறும். மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் நாலு பேர் விசாரிப்பார்கள், அவர்களில் இரண்டு பேர் தங்கள் நகத்தையும் காட்டுவார்கள்.

பிறகு தொண்ணூறுகளின் நடுவில் பழச் சந்தை கிராஃபர்ட் மார்க்கெட்டிலிருந்து எங்கள் பக்கம் குடிபெயர்ந்து வந்தது. மாம்பழப் பருவத்தில் ரத்னகிரியிலிருந்தும் தேவ்கட்டிலிருந்தும் ஆப்பூஸ் வந்து இறங்குகிற மரப்பெட்டிகளை, பேட்டி என்று இங்கே எல்லோரும் சொல்வதை, சந்தை ஓரத்தில் மலிவாக வாங்கலாம். மெல்லிய பலகை, வைக்கோலும் பழமும் சேர்ந்து ஊறிய வாசனை, அதில் செய்த புத்தக அலமாரி ஐப்பசி வரைக்கும் மாம்பழம் மணக்கும். அந்தப் பலகை முழுக்கத் தலை ஒடிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். அறுப்பதற்கு முன் பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் தடவி, காந்தத்தை ஓட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். தப்பிய ஆணி வாளின் பல்லில் பட்டால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், கை தானாக நின்றுவிடும். இன்றைக்குச் சுழலும் வாளில் அதே ஆணி பட்டால் பல் தெறித்துக் கண்ணைத் தேடி வரும். ஆப்பூஸ் இப்போது பெரும்பாலும் அட்டைப் பெட்டியில் வருகிறது.

இதையெல்லாம் எங்களுக்குக் கற்றுத் தந்தவர் தாராவியிலிருந்து வந்துபோன ஆசாரியண்ணன். திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்கள் கட்டிடத்தில் யாரோ ஒருவருக்குக் கதவு செய்ய வந்தவர், ஒவ்வொரு வீடாக வேலை கிடைத்து வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். வேலை செய்யாத நேரத்தில் எங்களைப் போன்ற அரைகுறைகள் செய்வதை நின்று பார்ப்பார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலாலேயே பலகையைப் பிடித்துக்கொண்டு, உளி முனை எப்போதும் தன் உடம்பைப் பார்க்காதபடி அவர் செதுக்குகிற அழகு கண்ணிலேயே நிற்கிறது. கூட வருகிற பையன் வாயாடினால், “ஏலே, பேசணும்னா உளியக் கீழ வச்சிட்டுப் பேசு” என்பார். எங்களிடம் மரியாதை கலந்த குரலில், “தம்பி, உளி கை தவறி விழுந்தா விழட்டும், புடிக்கப் போகாதிய. உளி வேற வாங்கிக்கிடலாம்” என்பார். சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் எவ்வளவு சின்ன வேலை பாக்கி இருந்தாலும் சாமான்களைச் சாக்கில் சுருட்டிவிடுவார். களைத்த கை கேட்காது என்பது அவர் கணக்கு.

ஒருநாள் எங்கள் கட்டிடத்துக்கு ஒரு மின் டிரில் வந்தது. ஒருவர் தம் கம்பெனியிலிருந்து வார இறுதிக்குக் கேட்டு வாங்கி வந்தது. முலுண்டில் ராலிவுல்ஃப் தொழிற்சாலையில் தயாரான அலுமினிய உடம்புக்காரன். தூக்கினால் தோள்பட்டை தெரியும். ஒரே நாளில் ஒன்பது வீட்டுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டியாகிவிட்டது. ஊரே கூடி நின்று பார்த்தோம். ஆசாரியண்ணனும் பார்த்தார். வியந்தார், கையில் வாங்கி எடை பார்த்தார், திருப்பித் தரும்போது சொன்னார்: “வாளு மொதல்ல தோலக் கேக்கும் தம்பி, பெறவுதான் சதையக் கேக்கும். நாம சுதாரிச்சுக்கிடலாம். கரண்டு மிஷினு கேக்கவே செய்யாது. எடுத்துக்கிட்டுப் போயிரும்.”

அந்த வாக்கியத்தின் முழு எடை எனக்கு வேலூர்க் கதை ஒன்றைப் படித்தபோதுதான் விளங்கியது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, லண்டனில் முதலில் தச்சும் கொத்தும் கற்றுப் பிறகு மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்டவர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரைக்கும் பிளந்திருந்தது. அவனுக்கு வலி தெரியவில்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் நேரடியாக உதிர்வதில்லை, வலி என்கிற காவல் போனதால் அன்றாடக் காயங்களில் தேய்ந்து போகின்றன என்பதை அவர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அவர்களுக்கென்று நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையத்தில் தச்சுப் பட்டறை அமைத்தபோது, கை உணராததைக் கருவி ஈடுகட்டும்படி கைப்பிடிகளை மாற்றி அமைத்தார். நமக்கு வலி இருக்கிறது. ஆனால் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் முறை சுழலும் ஒன்றின் முன்னால் அந்த வலி தாமதமாக வருகிறது. வலி வந்து சேர்வதற்குள் விரல் போய்விடுகிறது. நம் காவலும் போன மாதிரிதான்.

பதினோராயிரம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரின் சுழற்சி ஏறத்தாழ அவ்வளவு. கணக்குப் போட்டால் அதன் வட்டின் விளிம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1954-ல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் நிறுவனம் தொழிற்சாலைக்காக முதலில் கொண்டுவந்த வகைக் கருவி இது. எங்கள் இளமையில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் துர்பே பக்கத்து எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இன்றைக்குச் செல்போனைத் தட்டினால் ஒரு நல்ல சேலையின் விலைக்குள் நாளைக்கே வாசலுக்கு வருகிறது. வாட்ச்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே அனுப்புகிறார். பெட்டிக்குள் கையேடு உண்டு, பொடி எழுத்தில், பத்து மொழியில். தமிழில் ஒன்று நான் பார்த்ததில்லை. அந்த வெட்டுவட்டின் நடுவில் இருக்கிற உலோக வளையத்தைப் பாருங்கள், அதில் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். மருந்துச் சீசாவில் பார்க்கிற தேதியை இதிலும் பார்க்க வேண்டும். பிசினால் பிணைத்த வட்டு வருஷம் போகப் போகவும் ஈரம் ஏறவும் பலமிழக்கும், ஓடும்போது சிதறும். மும்பை மழைக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? பால்கனி அலமாரியில் போன மழைக்கு முந்தின மழையிலிருந்து கிடக்கிற வட்டைக் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போட்டுவிடலாம்.

இதே ஊர்தான் இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்பதை நாட்டிலேயே முதலில் பேசியது. பம்பாயின் பஞ்சாலைகளைப் பற்றி 1875-ல் விசாரணைக் குழு அமைந்தது, 1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது, ஆபத்தான இயந்திர பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று அது சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் 21-ம் பிரிவு அதையே விரித்துச் சொல்லிற்று. சயானில், தாராவிக்கு எட்டிப் பார்க்கிற தூரத்தில், சென்ட்ரல் லேபர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது; தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்றே காட்சிக்கூடம் வைத்த நிறுவனம். 1966 மார்ச் 4-ல் தொடங்கிய தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் தலைமையகம் எங்கள் வாஷியிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளி பேலாப்பூரில் இருக்கிறது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கிற இடத்தில் பத்து பேராவது இருந்தால்தான் தொழிற்சாலை என்பது அந்த 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் வரம்பாக இருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்து தோல் வெட்டுகிற தாராவி அறைக்கு அது எட்டவில்லை. ஒருவர் தனியாக நிற்கிற பால்கனிக்கு எப்படி எட்டும்? தொழிற்சாலையின் கருவி மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் நின்று “கையெடு” என்று அதட்டுகிற மேஸ்திரி வரவில்லை. என் கவலையெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

மும்பையில் எந்தக் கட்டிடத்தில் மரவேலை நடந்தாலும் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள்: மார்பிள் கட்டர் என்கிற கையடக்கக் கருவியில் மரம் அறுக்கிற பல்வட்டை மாட்டி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாக ஆணியடித்து, பல்வட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு மேஜை. சுவிட்சை அழுத்திய நிலையிலேயே பூட்டிவைத்து, ஓட்டமும் நிறுத்தமும் சுவர்ப் பிளக்கில். பல்வட்டின் மேல் மறைப்பு கிடையாது, பின்னால் பிளவுக்கத்தி கிடையாது. அறுபட்ட பலகை, பல்வட்டைத் தாண்டியதும், மரத்துக்குள் இருக்கிற இறுக்கம் விடுபட்டு இரு பாதியும் ஒன்றையொன்று நெருங்கும். பல்வட்டின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகிறவை என்பதால் பலகையைத் தூக்கி அறுக்கிறவன் மேலேயே எறியும். பலகை போன வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை முன்னால் சரியும். முன்னால் இருப்பது பல்வட்டு. இவ்வளவும் கண் சிமிட்டுகிற நேரம். பல்வட்டின் பின்னால் அதே கனத்தில் நிற்கிற ஒரு சின்னத் தகடு இருந்தால் இரு பாதியும் நெருங்காது. அந்தத் தகட்டுக்குப் பெயர்தான் பிளவுக்கத்தி.

எங்கள் மேல்வீட்டு மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படியொரு மேஜை போட்டார். பஜனையில் மிருதங்கம் வாசிக்கிறவர், நுணுக்கமான கை. பேத்திக்குப் படிப்பு மேஜை செய்துகொண்டிருந்தபோது கடைசித் துண்டு கவ்விக்கொண்டது. ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. வீட்டார் பதறி, அந்த நுனியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் ஐஸைக் கொட்டி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டதில் அது உறைந்து பயனற்றுப் போயிருந்தது. இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயரத் தூக்குங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். துண்டான விரலை ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடக்கூடாது, தண்ணீரும் தொடக்கூடாது. விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிர வைத்தால் பல மணி நேரம் தாங்கும். 1965-ல் ஜப்பானில் ஒரு கட்டைவிரலை முதன்முதலில் ஒட்டவைத்ததிலிருந்து இந்த வித்தை உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜ சபாபதியின் குழு நெடுங்காலமாக அறுபட்ட கைகளைத் திரும்ப இணைத்து வருகிறது. இயந்திரங்களும் ஆலைகளும் நிறைந்த ஊரில் அப்படியொரு இடம் அமைந்தது கொங்கு நாட்டின் நல்ல காலம்.

மாமாவுக்கு ஒட்டவைக்க நுனி இல்லை. அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகச் சதையை, அதன் நரம்பும் ரத்தக் குழாயும் அறுபடாமல், முன்னே நகர்த்தி முனையை மூடினார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு பெரிய பள்ளியையே உருவாக்கிய டாக்டர் ஆர். வெங்கடசுவாமி, டாக்டர் சுப்பிரமணியனோடு சேர்ந்து 1980-ல் வெளியிட்ட முறை அது. இன்று உலகெங்கும் கை மருத்துவர்களிடையே அவர் பெயராலேயே வழங்குகிறது. நரம்போடு நகர்த்துவதால் புது நுனிக்கும் தொடு உணர்வு இருக்கும். மாமா மறுபடி மிருதங்கம் வாசிக்கிறார். விரல் கொஞ்சம் குட்டை. சொல் தெளிவாகவே விழுகிறது. வடசென்னைப் பட்டறைகளில் விரல் இழந்து வந்த எத்தனையோ தொழிலாளிகளுக்காக ஒரு அரசு மருத்துவமனையில் யோசித்த யோசனை, இத்தனை வருஷம் கழித்து இந்தக் கரையில் ஒரு பஜனை கோஷ்டிக்கு வந்து உதவியிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்கிற இயற்பியல் படித்த வழக்கறிஞர் 1999-ல் ஒரு வழி கண்டார். பல்வட்டில் மெல்லிய மின்குறியை ஓட விட்டு, ஈரமுள்ள மனிதத் தோல் பட்டவுடன் அந்தக் குறி மாறுவதை உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் பதிய, ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடியில் வட்டு நின்றுவிடும். 2004 முதல் கடைக்கு வந்த அந்த மேஜைவாளில் விரல் பட்டால் சிறு கீறலோடு போய்விடுகிறது. ஆசாரியண்ணன் இருந்திருந்தால் தோலைக் கேட்கிற மிஷின் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார். பிளைவுட் பலகையில் கட்டரைக் கவிழ்த்து ஆணியடிக்கிறவர்களின் விலைக்கு அது இன்னும் வரவில்லை.

முன்னேற்றம் எல்லாவற்றையுமே பறித்துக்கொண்டு போனது என்று சொன்னால் பொய். அந்த அலுமினிய டிரில் காலத்தில் மூன்று முள் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் முட்டுக் கொடுப்பது வீட்டுக்கு வீடு நடந்தது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மூன்றாவது முள் மற்ற இரண்டைவிடத் தடியாகவும் நீளமாகவும் இருப்பது, மின்சாரம் வருவதற்கு முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும் என்பதற்காக. உள்ளே ஒரு ஒயர் உரசி உலோக உடம்பில் மின்சாரம் ஏறினாலும் அது பூமிக்குப் போக வழி வேண்டும். வழியில்லாவிட்டால் பிடித்திருக்கிற கை வழியாக, மழையில் ஊறிய தரையில் நிற்கிற கால் வழியாகப் போகும். இப்போதைய டிரில்களின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். இரட்டைக் காப்பு என்று அர்த்தம்; எர்த் இல்லாமலே தாங்கும்படி செய்தது. அதோடு முப்பது மில்லியாம்பியர் கசிந்தாலே விநாடியில் மூன்றிலொரு பங்குக்குள் இணைப்பை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. உங்கள் மீட்டர்ப் பெட்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். எங்கள் காலத்தில் மின் அதிர்ச்சியில் போனவர்களை நினைத்துக்கொண்டு சொல்கிறேன், தீப்பெட்டி அளவு இருக்கிற அந்தப் பெட்டிக்கு மாலை போடலாம்.

உடுப்பு விஷயத்தில் நம்மவர்களுக்கென்று சில தனிச் சொல் வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடும் வெற்றுடம்போடும் டிரில்லைக் கையிலெடுக்கிறவர்களில் பலர் மார்பில் பூணூல் தொங்கும். குனிந்தால் அது சுழலும் தலைக்கு நேராக ஆடும். துப்பட்டாவும் தாலிச் சரடும் வளையலும் அப்படியே. பிடித்துச் சுற்றிக்கொண்டால் இழுத்துவிடத் துணிக்கு நேரம் இருக்காது. பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை போட்டுக்கொண்டு டிரில்லின் முன்னால் நிற்பதும் அதே ஆபத்துதான். துணி சுற்றினால் விரலும் கூடப் போகும். கண்ணாடி மட்டும் எந்த வேலைக்கும் கட்டாயம். இன்னொன்று, நம் ஊர் வழக்கத்தால் வருவது. வேலை நடுவில் கரண்ட் போகும்; சுவிட்ச் பூட்டிய நிலையில் கிரைண்டரை அப்படியே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம்; கரண்ட் வரும்போது அது தானாக உயிர் பெற்றுத் தரையில் ஓடும். விளக்கு அணைந்த உடனே பிளக்கைப் பிடுங்குவது கை வழக்கமாக வேண்டும். பாட்டரிக் கருவியானால் பிளேடு மாற்றுமுன் பாட்டரியைக் கழற்ற வேண்டும். பாட்டரியும் கரண்ட்தான் என்பதை ஒயர் இல்லாததால் மனசு மறந்துவிடுகிறது.

தூசியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் துக்கம் வருகிறது. இழைப்புளியின் சுருள் தரையில் விழும், கூட்டி அள்ளலாம், குழந்தை காதில் மாட்டலாம். மின்சாரத்தில் மரம் தேய்க்கிற சாண்டரின் மாவு காற்றில் மிதக்கும், திரைச்சீலையில் படியும், நெஞ்சுக்குள் இறங்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மூடிய பால்கனியில், பக்கத்து அறையில் குழந்தை தூங்க, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எம்.டி.எஃப். பலகையைத் தேய்க்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது கதவைத் தட்டிச் சொல்லிவிடுகிறேன். கைக்குட்டை போதாது, நல்ல முகமூடி வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், காதுக்கும் அடைப்பு வேண்டும் என்று. சிலர் கேட்கிறார்கள்.

கேட்கிறவர்களில் ஒருவன் கீழ்வீட்டுப் பையன். கல்லூரியில் படிக்கிறான். இங்கேயே பிறந்தவன், தமிழும் ஹிந்தியும் ஒரே மூச்சில் வரும். அவன் அப்பா ஆன்லைனில் வாங்கித் தந்த கிரைண்டரை எடுத்துக்கொண்டு மரத்தில் ஒரு கிண்ணம் குடையப் போகிறேன் என்று வந்து நின்றான். மறைப்பைக் காணோம். கேட்டால், “அங்கிள், வீடியோல எல்லாரும் கவர் எடுத்துட்டுத்தானே பண்றாங்க” என்றான். அவனை உட்கார வைத்து, ஆசாரியண்ணன் எங்களுக்குச் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். உளியை எப்படி வைப்பது, கை எங்கே இருக்கக்கூடாது, களைத்தால் எப்போது எழுந்திருப்பது. கல்லையும் இரும்பையும் அறுக்கிற கிரைண்டரில் மரத்துக்கான பல்வட்டை மாட்டக்கூடாது என்பதை வட்டைக் கையில் கொடுத்தே காட்டினேன். கிண்ணம் குடைய ஒரு வளைவு உளியும் கொட்டாப்புளியும் போதும் என்றதும் முகம் வாடினான். பிறகு முதல் செதில் சுருண்டு எழும்பியபோது, “அரே, மஸ்த்!” என்று அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் வருகிறான். கிரைண்டரின் மறைப்பை அவன் அப்பா பெட்டியோடு பரண்மேல் போட்டிருக்கிறாராம்; தேடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், நானே பூட்டித் தருகிறேன் என்று. அதுவரை கிரைண்டர் என் அலமாரியில் இருக்கும், கிண்ணத்துக்கு உளிதான்.